ரோபோ வாங்கறதுக்கு முன்னாடி: வீட்டுல நீச்சல் குளம் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு நீண்ட இழை

மரக்காணம் பக்கம் இப்போ உப்பளத்துக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவுல நீல நிறத்துல சின்னச் சின்ன சதுரங்கள் முளைச்சுட்டு வருது. பண்ணை வீடு, வார இறுதி வீடு, வாடகைக்கு விடற பூல் வில்லா. முன்னாடி இதெல்லாம் கோவளம், மகாபலிபுரத்தோட நின்னுச்சு. இப்போ ஈசிஆர் நெடுக புதுச்சேரி வரைக்கும் வந்தாச்சு.

இந்தப் பக்கம் மருத்துவம் பாக்கறவன்ங்கறதால, கோடை லீவ் ஆரம்பிச்சதும் எனக்கு ஒரு கேள்வி வர ஆரம்பிக்கும்.

"டாக்டர், பையனுக்கு காது வலி. பூல் தண்ணிதான் காரணம்னு நினைக்கிறேன். ஆட்டோமேட்டிக் கிளீனர் வாங்கலாம்னு இருக்கோம். எந்த ரோபோ நல்லது?"

காது வலிக்கு மருந்து எழுதறது ரெண்டு நிமிஷ வேலை. ரோபோ கேள்விக்குத்தான் ஒவ்வொருத்தருக்கும் அரை மணி நேரம் ஆகுது. அதனால மொத்தமா இங்கே எழுதிடறேன். நீளமா இருக்கும். குளம் இல்லாதவங்களும் படிக்கலாம், ஏன்னா லீவுக்கு வாடகை எடுத்து அந்தக் குளத்துல பிள்ளைகளை இறக்கப் போறது நீங்கதான்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ரோபோ நல்ல கருவி. வாங்குங்க. ஆனா நீச்சல் குளத்துக்காக நீங்க செலவு பண்ற வரிசையில அது நாலாவது. முதல்ல வேலி. ரெண்டாவது தண்ணி சோதிக்கிற கிட். மூணாவது ஒழுங்கா ஓடற பம்பும் ஃபில்டரும். அதுக்கு அப்புறம் ரோபோ.

நான் பார்த்த வரைக்கும் பலர் இதைத் தலைகீழா செய்யறாங்க. ஒன்றரை லட்சத்துக்கு ரோபோ இருக்கும். ஆயிரம் ரூபாய்க்கு வர்ற டெஸ்ட் கிட் இருக்காது. வேலின்னு கேட்டா, "பார்க்க நல்லா இருக்காது டாக்டர், கடல் வியூ மறைக்கும்".

காரணத்தைச் சொல்றேன்.

ரோபோ எடுக்கறது கண்ணுக்குத் தெரியற அழுக்கை. மணல், சவுக்கு இலை, முடி, பூச்சி, பாசி. அதுக்குள்ள ஒரு சல்லடை இருக்கும். நல்ல ரோபோவோட நுண் ஃபில்டர் 50 மைக்ரான் அளவுல பிடிக்கும். ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. நம்ம கடற்கரை மணல் துகள் சில நூறு மைக்ரான் இருக்கும், ஈசியா மாட்டிக்கும். தலைமுடி தடிமன் 70 மைக்ரான் பக்கம், மாட்டிக்கும்.

ஆனா வயிற்றுப்போக்கு உண்டாக்கற கிரிப்டோஸ்போரிடியம்ங்கற ஒட்டுண்ணி 4 முதல் 6 மைக்ரான்தான். பாக்டீரியா ஒன்று ரெண்டு மைக்ரான். ஹெபடைட்டிஸ் ஏ வைரஸைப் பத்தி பேசவே வேண்டாம். இதெல்லாம் ரோபோவோட ஒரு வாசல்ல நுழைஞ்சு இன்னொரு வாசல்ல ஜாலியா வெளியே வந்துடும். மீன் வலையில கொசு பிடிக்க முடியுமா?

அப்போ இவற்றைக் கொல்றது எது? குளோரின். அது மட்டும்தான் உங்க வீட்டுக் குளத்துல இரவும் பகலும் வேலை பாக்கற மருந்து.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சிடிசி) சொல்ற கணக்கு இது. தண்ணியில 1 பிபிஎம் குளோரின் (அதாவது லிட்டருக்கு 1 மில்லிகிராம்) சரியான பி.எச் அளவோட இருந்தா, ஆபத்தான ஈ.கோலை பாக்டீரியா ஒரு நிமிஷத்துக்குள்ள சாகும். ஹெபடைட்டிஸ் ஏ வைரஸுக்கு சுமார் 16 நிமிஷம். ஜியார்டியாவுக்கு சுமார் 45 நிமிஷம். கிரிப்டோஸ்போரிடியத்துக்கு? பத்து நாளுக்கு மேல.

கடைசி வரியை திரும்பப் படிங்க. குளோரின் சரியா இருக்கற குளத்துலயும் இந்த ஒட்டுண்ணி ஒரு வாரத்துக்கு மேல உயிரோட இருக்கும். ரோபோவும் பிடிக்காது, குளோரினும் சீக்கிரம் கொல்லாது. அதனாலதான் வயிற்றுப்போக்கு இருக்கற குழந்தையை குளத்துல இறக்கவே கூடாது. "காசு கட்டியாச்சு டாக்டர், வில்லா கேன்சல் பண்ண முடியாது"ன்னு சொல்றவங்களுக்கும் இதே பதில்தான். வில்லாவுக்குப் போங்க. அந்தக் குழந்தை மட்டும் தண்ணியில இறங்க வேண்டாம்.

இப்போ பி.எச். இது பள்ளிக்கூடத்துல படிச்சதுதான், அமிலமா காரமான்னு சொல்ற அளவு. குளத்துக்கு 7.0-லிருந்து 7.8-க்குள்ள இருக்கணும். ஏன் இவ்வளவு கறார்? குளோரினோட கொல்ற சக்தி பி.எச்சைப் பொறுத்து மாறும். 7.5-ல போட்ட குளோரின்ல பாதிதான் வீரியமான வடிவத்துல இருக்கும். 8-க்கு மேல போனா கால் பங்குக்கும் கீழே இறங்கிடும். நீங்க பாட்டுக்கு குளோரின் கொட்டிட்டு இருப்பீங்க, அது பாட்டுக்கு சும்மா இருக்கும்.

நம்ம வெயில் இன்னொரு எதிரி. பாதுகாப்பு சேர்க்காத குளோரின், நல்ல வெயில்ல ரெண்டு மணி நேரத்துல பெரும்பகுதி போயிடும். அதைத் தடுக்க சயனூரிக் ஆசிட்னு ஒண்ணு சேர்ப்பாங்க. பூல் கடையில 'ஸ்டெபிலைசர்' என்பாங்க. டிரைகுளோர் மாத்திரைக்குள்ளேயே இது இருக்கும். இருக்கறது நல்லது, ஆனா குளோரின் ஆவியாகிப் போற மாதிரி இது போகாது, தண்ணியில சேர்ந்துகிட்டே போகும். ரொம்ப சேர்ந்தா குளோரினைக் கட்டிப் போட்டுடும். அதனால ஸ்டெபிலைசர் சேர்த்த குளத்துல குளோரின் 1 போதாது, குறைஞ்சது 2 பிபிஎம் வேணும்.

இதையெல்லாம் கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, அப்புறம் என்ன"ன்னு சொல்லாதீங்க. குளோரின் பூஜ்யமா இருக்கற தண்ணியும் கண்ணாடி மாதிரிதான் இருக்கும், சில நாளைக்கு.

"குளோரின் வாசனை நல்லா அடிக்குது, அதனால சுத்தமா இருக்கு" என்பதும் தப்பு. மூக்கைத் துளைக்கிற அந்த நெடி குளோரினோடது இல்ல. குளோரின் நம்ம வியர்வையோட, சிறுநீரோட சேர்ந்து உண்டாகற குளோரமைனோட நெடி. கண் சிவக்கறதுக்கும் இருமலுக்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். நெடி அதிகம்னா குளத்துல யாரோ வேலையைக் காட்டியிருக்காங்கன்னு அர்த்தம்.

டெஸ்ட் கிட் வாங்கும்போது ஒண்ணு கவனிங்க. சொட்டு விட்டா மஞ்சளா மாறற கிட் மொத்தக் குளோரினைத்தான் காட்டும். செத்துப் போன குளோரினையும் சேர்த்து எண்ணும். இளஞ்சிவப்பா மாறற டிபிடி கிட் வாங்குங்க, அது வேலை பாக்கற குளோரினைத் தனியா காட்டும். பி.எச்சுக்கும் அதே பெட்டியில சொட்டு மருந்து இருக்கும். ஆள் இறங்கற நாள்ல காலையும் மாலையும் பார்த்து, ஒரு நோட்டுல எழுதி வைக்கணும்.

நம்ம ஊர்ல இது புது விஷயமே இல்ல. உப்பளத்துல அடுத்த பாத்திக்குத் தண்ணி மாத்தறவர் தண்ணியோட டிகிரி தெரியாம மாத்த மாட்டார். முந்நூறு ரூபாய் மூட்டைக்கே அவ்வளவு பாக்கறாங்க.

கேரளாவுக்கு ஒரு எட்டு போயிட்டு வருவோம். மூளையைத் தின்னும் அமீபான்னு செய்தியில வருதே, அதுதான் நெக்லேரியா ஃபௌலெரி. தண்ணி மூக்கு வழியா உள்ளே ஏறும்போது மட்டும்தான் இது மூளைக்குப் போகும், குடிச்சா வராது. அரிதான நோய். ஆனா வந்தவங்கள்ல உலக அளவுல 95 சதவீதத்துக்கும் மேல இறந்திருக்காங்க. கேரளாவுல 2024-லயும் 2025-லயும் அமீபா மூளைக்காய்ச்சல் வழக்கத்துக்கு மாறா நிறைய பேருக்கு வந்துச்சு. 2025 செப்டம்பர்ல திருவனந்தபுரம் ஆக்குளம் சுற்றுலா கிராமத்தோட நீச்சல் குளத்துல குளிச்ச ஒரு மாணவனுக்கு நோய் உறுதியானதும் அந்தக் குளத்தை மூடினாங்க. அதாவது ஆறு, குட்டை மட்டும் இல்ல. பராமரிக்கிறதா சொல்லப்படற நீச்சல் குளமும் சந்தேகத்துக்குள்ள வந்துச்சு.

பயமுறுத்த இதைச் சொல்லல. இந்த அமீபா சரியான குளோரின் இருக்கற தண்ணியில தாக்குப் பிடிக்காது. அதுக்குப் பிடிச்சது வெதுவெதுப்பான, குளோரின் இல்லாத தண்ணி, அப்புறம் சுவர்ல வழவழன்னு படியுமே அந்தப் படலம். அந்தப் படலத்துல இருக்கற பாக்டீரியாதான் அதுக்குச் சாப்பாடு.

இங்கேதான் ரோபோவுக்கு மருத்துவக் காரணத்தோட ஒரு வேலை வருது. அந்தப் படலத்துக்குள்ள குளோரின் லேசுல இறங்காது. பிரஷ் போட்டுத் தேய்ச்சு எடுக்கணும். நல்ல ரோபோ தரையையும் சுவரையும் நீர்மட்டக் கோட்டையும் தேய்க்கும். இலையும் மண்ணும் குறைஞ்சா, குளோரின் அதுங்களோட மல்லுக்கட்டி வீணாகறதும் குறையும்.

இன்னொரு பெரிய நன்மை தெளிவு. கலங்கின குளத்துல ஒரு குழந்தை அடியில கிடந்தா மேலே நிக்கறவங்களுக்குத் தெரியாது. ஆழமான பக்கத்துல அடியில இருக்கற வடிகால் சல்லடை கரையிலிருந்து தெளிவா தெரியணும்னு விதி வச்சிருக்கறது அழகுக்காக இல்ல.

சரி, ரோபோவை எப்படித் தேர்ந்தெடுக்கறது?

ஆட்டோமேட்டிக் கிளீனர்ல மூணு சாதி இருக்கு. முதலாவது சக்ஷன் வகை. உங்க பம்ப் இழுக்கற சக்தியிலேயே ஊர்ந்து போகும். 1974-ல தென்னாப்பிரிக்காவுல ஃபெர்டினாண்ட் ஷோவியே என்ற பொறியாளர் செஞ்ச கிரீப்பி கிராலிதான் இந்த வகையைப் பிரபலமாக்கினது. விலை குறைவு. ஆனா அழுக்கெல்லாம் நேரா உங்க மணல் ஃபில்டருக்குத்தான் போகும். மணல் பறக்கற நம்ம ஊர்ல அடிக்கடி பேக்வாஷ் பண்ண வேண்டியிருக்கும், லாரித் தண்ணி வாங்கறவங்களுக்கு அது காசு.

இதுல ஒரு ஆபத்தும் இருக்கு. இந்தக் கருவியை மாட்டறதுக்கு சுவர்ல ஒரு உறிஞ்சு துளை இருக்கும். ஹோஸைக் கழட்டினதும் அது தானா மூடிக்கிற ஸ்பிரிங் மூடி போட்டிருக்கணும். மூடி இல்லாத துளையில சின்னப் பிள்ளையோட கை, முடி, வயிறு ஒட்டிக்கிட்டா இழுத்து எடுக்கறது கஷ்டம். அமெரிக்காவுல 2002-ல ஒரு ஏழு வயசுச் சிறுமி சூடான தண்ணித் தொட்டியோட வடிகால்ல ஒட்டிக்கிட்டு இறந்து போனா. முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரோட பேத்தி. அந்தக் குழந்தை பேர்லயே, வர்ஜீனியா கிரேம் பேக்கர் சட்டம்னு 2007-ல சட்டம் வந்துச்சு. உங்க வீட்டுக் குளத்துல அடி வடிகால் மேல குவிந்த மூடி உடையாம இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. ஒரே ஒரு வடிகால்தான்னா, கட்டினவரைக் கூப்பிட்டுப் பேசுங்க.

ரெண்டாவது பிரஷர் வகை. இலைக்கு நல்லது, மெல்லிய மணலுக்கு சுமார். பல மாடலுக்குத் தனி பூஸ்டர் பம்ப் வேணும். சவுக்குத் தோப்புக்கு நடுவுல வீடு இருந்தா யோசிக்கலாம், மத்தவங்க கடந்து போகலாம்.

மூணாவது ரோபோ. சொந்த மோட்டார், சொந்த ஃபில்டர், உங்க பம்ப் ஓடாட்டியும் வேலை செய்யும். என் ஓட்டு இதுக்குத்தான். கேபிள் உள்ளது, பேட்டரியில ஓடறது ரெண்டும் இருக்கு. உப்புக் காத்து அடிக்கிற கடற்கரை வீட்டுக்கு நான் கேபிள் ரோபோவைத்தான் சொல்வேன். பேட்டரி மாடல்ல சார்ஜ் ஏத்தற முனையும் அதோட ரப்பர் சீலும்தான் முதல்ல போகும். தகர ஷெட்டுக்குள்ள மே மாச வெயில்ல லித்தியம் பேட்டரியைப் பூட்டி வைக்கிறதும் எனக்குப் பிடிக்கல.

வாங்கும்போது கடைக்காரர்கிட்ட செயலி, வைஃபை பத்தி கேட்காதீங்க. இதைக் கேளுங்க: நுண் ஃபில்டர் உண்டா? தனியா கிடைக்குமா? ஓட்டைப் பெரிய சல்லடையா இருந்தா மெல்லிய தூசியையும் பாசியையும் ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் புகை மாதிரி விட்டுடும். எங்க குளத்துல டைல்ஸ், சுவர் ஏறுமா? வழுக்கற டைல்ஸுக்கும் மொசைக்குக்கும் ஸ்பாஞ்ச் மாதிரி பிரஷ் வேணும், சாதா ரப்பர் பிரஷ் சறுக்கும். சர்வீஸ் எங்கே? "மும்பைக்கு அனுப்பணும்"னு சொன்னா, மூணு மாசம் ரோபோ இல்லாம இருக்கத் தயாரான்னு யோசிச்சுக்கோங்க.

உப்பு அளவும் கேளுங்க. நிறைய ரோபோ கையேட்டுல தண்ணியில உப்பு 5,000 பிபிஎம்முக்கு மேல போகக் கூடாதுன்னும், தண்ணி வெப்பம் 34, 35 டிகிரிக்கு மேல போகக் கூடாதுன்னும் போட்டிருக்கும். இந்த ரெண்டும் நமக்குப் பிரச்சனை. கடலோர போர் தண்ணி ஏற்கெனவே உப்பு. கத்திரி வெயில்ல ஆழம் குறைஞ்ச குளம் மத்தியானத்துல வெந்நீர். ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி போர் தண்ணியைப் பார்த்துட்டு அப்புறம் ரோபோவுக்குப் பணம் கட்டுங்க. ஓட்டறதை விடியற்காலைக்கு வச்சுக்கோங்க.

உப்புன்னு வந்ததால இன்னொண்ணு. "நாங்க சால்ட் வாட்டர் பூல் வச்சிருக்கோம், கெமிக்கலே கிடையாது"ன்னு பெருமையா சொல்றவங்க இருக்காங்க. அந்தக் குளத்துல கிருமியைக் கொல்றது உப்பு இல்ல. உப்புத் தண்ணியில மின்சாரம் பாய்ச்சி ஒரு கருவி அங்கேயே குளோரின் தயாரிக்குது. அதே குளோரின்தான். கடல் நீர்ல லிட்டருக்கு 35 கிராம் உப்பு, இந்தக் குளத்துல 3, 4 கிராம்தான். அந்த உப்புக்கு எந்தக் கிருமியும் பயப்படாது. கருவியோட தகடு அழுக்கேறி நின்னு போனா உங்ககிட்ட இருக்கறது வெறும் உப்புத் தண்ணி. அதுவும் இல்லாம இந்த வகைக் குளத்துல பி.எச் மெல்ல மெல்ல ஏறிட்டே போகும். டெஸ்ட் கிட் இங்கேயும் வேணும்.

50,000 லிட்டர் குளத்துக்கு ஆரம்பத்துல 150 முதல் 200 கிலோ உப்பு ஆகும். "பக்கத்துலதான் உப்பளம், நாலு மூட்டை வாங்கிப் போட்டுடலாமா?" என்பார்கள். வேண்டாம். கல் உப்புல கால்சியம், மக்னீசியம் எல்லாம் கலந்திருக்கும், தகட்டுல சுண்ணாம்பு மாதிரி படியும். சுத்திகரிச்ச, அயோடின் சேர்க்காத உப்புதான் போடணும். நம்ம ஊர் உப்பு மீனுக்கும் ஊறுகாய்க்கும் இருக்கட்டும்.

மின்சாரம். கேபிள் ரோபோவோட பெட்டி, சுவர் பிளக்குல வர்ற மின்சாரத்தை 30 வோல்ட்டுக்குள்ள குறைச்சுத்தான் தண்ணிக்குள்ள அனுப்பும். அந்தப் பெட்டி குளத்தோட விளிம்பிலிருந்து குறைஞ்சது மூணரை மீட்டர் தள்ளி, நனையாத இடத்துல இருக்கணும். பிளக் பாயிண்டுக்கு 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். மாசம் ஒரு தடவை அதோட டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க. ரோபோ ஓடும்போது தண்ணியில யாரும் இருக்கக் கூடாது. "குழந்தைங்க அது கூட விளையாடறாங்க, வீடியோ எடுத்திருக்கோம்"னு ஒரு அப்பா எனக்கு அனுப்பினார். எல்லாக் கையேட்டுலயும் முதல் பக்கத்துல எழுதியிருக்கற எச்சரிக்கை அது.

வேலை முடிஞ்சதும் ரோபோவை வெளியே எடுத்துடணும். தண்ணிக்குள்ள ஊர்ந்து போற பொம்மை மாதிரி ஒண்ணு, ரெண்டு வயசுக் குழந்தையை விளிம்புக்கு இழுக்கும். பந்து, வாத்து, மிதவை எல்லாத்துக்கும் இது பொருந்தும்.

ரோபோ தொடாத ஒரு இடம் இருக்கு. படிக்கட்டும், முழங்கால் ஆழத் திண்டும். பெரும்பாலான மாடல் அங்கே ஏறாது. கைக்குழந்தையை உட்கார வைக்கிறது அந்தப் படியிலதான். அதைக் கையால தேய்க்கணும்.

குளத்துல மலம் கலந்துட்டா ரோபோவை இறக்கக் கூடாது. ரோபோவும் கெடும், அழுக்கும் பரவும். எல்லாரையும் வெளியேத்திட்டு, வலையால எடுத்துக் கழிவறையில போடணும். கெட்டியான மலம்னா குளோரினை 2 பிபிஎம்முக்கு ஏத்தி, பி.எச் 7.5-க்குள்ள வச்சு, குறைஞ்சது அரை மணி நேரம் யாரும் இறங்கக் கூடாது. பேதின்னா கணக்கே வேற. ஸ்டெபிலைசர் இல்லாத தண்ணியிலயே 20 பிபிஎம் குளோரினை சுமார் 13 மணி நேரம் வச்சிருக்கணும். வீட்டுல செய்யற வேலை இல்ல அது. தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க.

புயலுக்கு அப்புறமும் அப்படித்தான். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரையேறினப்போ நம்ம மாவட்டத்துல மயிலத்துல மட்டும் ஒரே நாள்ல 50 சென்டிமீட்டருக்கு மேல பெஞ்சுச்சு. அந்த மாதிரி வெள்ளம் புகுந்த குளத்துல செப்டிக் டேங்க் தண்ணியும் எலி மூத்திரமும் கலந்திருக்கும். ரோபோ விட்டுச் சுத்தம் பண்ண நினைக்காதீங்க. அவசரப்பட்டு முழுசா இறைக்கவும் வேண்டாம். நிலத்தடி நீர் மேலே நிக்கும்போது காலியான குளம் படகு மாதிரி மேலே எழும்பி வெடிக்கும். கட்டினவரைக் கேட்டுட்டுச் செய்யுங்க.

ஆள் வராம மாசக் கணக்குல பூட்டிக் கிடக்கற வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. பச்சையா நிக்கற உங்க குளத்துல கொசு முட்டை போடுது. டெங்கு உங்களுக்கு வராது, நீங்க சென்னையில இருப்பீங்க. பக்கத்துக் குப்பத்துக்குத்தான் வரும்.

இப்போ அந்த வேலையை உண்மையில செய்யற ஆளைப் பத்தி. முதலாளி ரோபோ வாங்குவார், இயக்கப் போறது வாட்ச்மேன் அண்ணன். மழைக்காலத்துல உப்பளத்துல வேலை இருக்காதுன்னு இந்த வீடுகளுக்கு வர்றவங்க நிறைய. யாரும் அவருக்கு எதையும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாங்க. ஒருத்தர் மூச்சுத் திணறி என்கிட்ட வந்தார். ஒரே வாளியில பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்துக் கலக்கியிருக்கார். "ரெண்டுமே சுத்தம் பண்றதுதானே சார், சேர்த்தா இன்னும் நல்லா சுத்தமாகும்னு நினைச்சேன்" என்றார். அவர் மேல என்ன தப்பு? பாக்கெட்ல இருந்த எச்சரிக்கை முழுக்க இங்கிலீஷ்.

ஆசிட்டும் பிளீச்சும் சேர்ந்தா வர்றது குளோரின் வாயு. முதல் உலகப் போர்ல ஆயுதமாப் பயன்படுத்தினது. டிரைகுளோர் மாத்திரையையும் பிளீச்சிங் பவுடரையும் ஒண்ணா வச்சா, லேசா ஈரம் பட்டாலே தீப்பிடிக்கும், வெடிக்கும். தனித்தனி டப்பா, தனித்தனி கரண்டி, தனித்தனி அலமாரி. எப்பவும் தண்ணியில மருந்தைப் போடணும், மருந்து மேல தண்ணியை ஊத்தக் கூடாது. கையுறை, கண்ணாடி வாங்கிக் கொடுங்க. வாயுவை சுவாசிச்சுட்டா உடனே காத்தோட்டமான இடத்துக்கு வந்து ஆஸ்பத்திரிக்குப் போகணும். அப்போதைக்கு நல்லா இருக்கற மாதிரி தெரிஞ்சாலும் சில மணி நேரம் கழிச்சு நுரையீரல்ல நீர் கோக்கலாம். "இப்ப சரியாயிடுச்சு"ன்னு வீட்டுக்குப் போய்ப் படுக்கக் கூடாது.

இதையெல்லாம் ஒரு அட்டையில தமிழ்ல எழுதி பம்ப் ரூம் சுவர்ல ஒட்டுங்க. ரோபோவோட கையேட்டையும் அவருக்கு உட்கார்ந்து படிச்சுக் காட்டுங்க.

வேலியை ஏன் முதல்ல வச்சேன்னு இன்னும் சொல்லல. உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பர்ல வெளியிட்ட அறிக்கைப்படி 2021-ல மட்டும் உலகம் முழுக்க 3 லட்சம் பேர் தண்ணியில மூழ்கி இறந்திருக்காங்க. 1 முதல் 4 வயசுக் குழந்தைகளோட மரணக் காரணங்கள்ல இது நாலாவது. நம்ம நாட்டுல தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குல 2022-ல 38,000 பேருக்கு மேல. இதுல பெரும்பகுதி ஆறு, ஏரி, கிணறுதான், வீட்டுக் குளம் இல்ல. ஆனா வீட்டுக் குளங்கள் அதிகமா இருக்கற அமெரிக்கா, ஆஸ்திரேலியா பட்ட பாட்டை நாம திரும்பப் பட வேண்டிய அவசியம் இல்ல.

சினிமாவுல காட்டற மாதிரி குழந்தை கத்தாது, கை ஆட்டாது. சத்தமே இல்லாம போகும். மூளைக்கு ஆக்சிஜன் நின்னு நாலு முதல் ஆறு நிமிஷத்துல பாதிப்பு ஆரம்பிச்சுடும். மரக்காணத்திலிருந்து ஜிப்மர் சுமார் 35 கிலோமீட்டர். திண்டிவனமும் கிட்டத்தட்ட அதே தூரம். கணக்கு நீங்களே போட்டுக்கோங்க. குழந்தையைக் காப்பாத்தப் போறது நான் இல்ல, 108 இல்ல, அந்த நேரத்துல கரையில நிக்கற ஆள்தான்.

அதனால நாலு பக்கமும் வேலி, குறைஞ்சது நாலு அடி உயரம், குழந்தை கால் வச்சு ஏற முடியாத கம்பி, தானா சாத்திக்கிற கதவு, கைக்கு எட்டாத உயரத்துல தாழ்ப்பாள். வீட்டு வாசலையே ஒரு பக்கமா வச்சு மூணு பக்கம் மட்டும் அடைக்கறது போதாது. குழந்தை வீட்டுக்குள்ளேயிருந்துதானே வரும். வீட்டையும் குளத்தையும் பிரிக்கிற நாலு பக்க வேலி, வெறும் காம்பவுண்ட் வேலியை விட மூழ்கற அபாயத்தை 83 சதவீதம் குறைக்கும்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் சொல்லுது. எந்த ரோபோவும் தர முடியாத எண் இது.

வீட்டுல ரெண்டு பேராவது, வாட்ச்மேன் அண்ணன் உட்பட, சிபிஆர் கத்துக்கோங்க. மூழ்கினவங்களுக்கு மார்பை அழுத்தினா மட்டும் போதாது, வாய் வழியா மூச்சும் கொடுக்கணும், அதை முதல்ல கொடுக்கணும். அப்புறம் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. தலைகீழா தூக்கிச் சுத்தறது, வயித்தை அமுக்கித் தண்ணி எடுக்கறது ரெண்டும் நேரத்தைக் கொல்ற வேலை.

கடைசியா, இந்த லீவுக்கு பூல் வில்லா எடுக்கறவங்களுக்கு. போய்ச் சேர்ந்ததும் செல்ஃபி எடுக்கறதுக்கு முன்னாடி ஆழமான பக்கத்துக்குப் போய் நில்லுங்க. அடியில இருக்கற சல்லடையோட கோடுகள் தெரியுதான்னு பாருங்க. தெரியலைன்னா இறங்காதீங்க. "இன்னைக்கு குளோரின் எவ்வளவு, எப்போ பாத்தீங்க?"ன்னு பராமரிக்கறவர்கிட்ட மரியாதையா கேளுங்க. நோட்டை எடுத்துக் காட்டினா நல்ல வீடு. "ரோபோ இருக்கு சார், தினமும் ஓடுது"ன்னு பதில் வந்தா, நேரா கடற்கரைக்குப் போய் மணல்ல உட்கார்ந்துட்டு வாங்க. நோட்டு சரியா இருந்தா, ரோபோவை வெளியே எடுக்கச் சொல்லி, பிளக்கைக் கழட்டினதை உங்க கண்ணால பார்த்துட்டு, நீச்சல் தெரிஞ்ச ஒருத்தர் போனைக் கீழே வச்சுட்டுக் கரையில உட்கார்ந்த பிறகு பிள்ளைகளை இறக்குங்க.